சத்தமில்லாத லேப்டாப்

4 ஜனவரி 2009, ஞாயிறு

காலையில் பனி. வாசல் கோலத்தின் மேல் கரித்தூள். காற்று இரும்பு ரோலிங் மில் பக்கமிருந்து அடித்திருக்கிறது. அம்மா அதைக் கூட்டிவிட்டு இரண்டாவது முறை போட்டாள்.

ரகு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கவரைப்பேட்டையில் அறை எடுத்துத் தங்கி ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை பார்க்கிறார். கார்த்திகையிலேயே பொன்னேரியில் பெண் பார்த்தாயிற்று. மார்கழி கழிந்ததும் நிச்சயதார்த்தம். ஆனால் இன்றைய செய்தி அதுவல்ல. மாமாவின் தோளில் ஒரு கறுப்புப் பை. உள்ளே லேப்டாப்.

கம்பெனியில் பழையதைக் கழித்தபோது எடுத்தாராம். மூடியில் ஒரு கீறல். மற்றபடி அழகு. ஆன் செய்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, உள்ளே விசிறி அலற ஆரம்பித்தது. அடிப்பக்கம் தோசைக்கல். மடியில் வைக்க முடியவில்லை. அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிற நேரம். எங்கள் வீடோ ஒரே அறை. கண் திறக்காமலே புரண்டு படுத்து, மிக்ஸியை நிறுத்தச் சொன்னார்.

மாமா என்னிடம் குனிந்து சொன்னது அப்படியே: "பாப்பா, நீதான் கம்ப்யூட்டர் குரூப்பாச்சே. இந்தச் சத்தத்த மட்டும் நிறுத்திக் காட்டு. அப்புறம் இது உனுக்குத்தான்."

என் லேப்டாப். (எழுதிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது.)

6 ஜனவரி, செவ்வாய்

பள்ளி திறந்தது. கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் கேட்டேன். தூசி என்றார். மாலையில் பெயின்ட் பிரஷ்ஷால் காற்றுத் துளைகளை எல்லாம் துடைத்தேன். பஞ்சு பஞ்சாக வந்தது. சத்தம் கொஞ்சம்தான் குறைந்தது.

பிறகு பஜார் பிரவுசிங் சென்டர். ஒரு மணி நேரம் படித்தேன். முக்கியமானதை இங்கே என் வார்த்தையில் எழுதி வைக்கிறேன்:

அப்பாவின் மில் கேண்டீனில் எல்லார் தட்டிலும் ஒரே அளவு சோறு கொட்டுவார்களாம். யாருக்கும் குறைந்துவிடக் கூடாது என்று. அதே போலத்தான் பிராசஸருக்கும். ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு மாதிரி. எதற்கு எவ்வளவு மின்னழுத்தம் போதும் என்று தனித்தனியாகப் பார்க்க நேரமில்லை, எல்லாவற்றுக்கும் தாராளமாகக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மிச்சமெல்லாம் சூடு. சூட்டைத் தள்ளத்தான் விசிறி அலறுகிறது. வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால், வேகம் குறையாமல் சூடு மட்டும் குறையும். அளவுக்கு மீறிக் குறைத்தால் லேப்டாப் நின்றுவிடும். ஆனால் கெட்டுப்போகாது. திரும்ப ஆன் செய்யலாம்.

பத்தாம் வகுப்பில் படித்ததுதானே! வோல்டேஜ் குறைந்தால் சூடு அதன் வர்க்கத்தில் குறையும். பரீட்சைக்கு எழுதியபோது எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

அதற்கென்று இலவசமாக ஒரு சின்ன மென்பொருள். பென் டிரைவில் ஏற்றி வந்தேன்.

10 ஜனவரி, சனி

1.2500 வோல்ட்டில் சூடு 86 டிகிரி. விசிறி முழு அலறல்.
1.2000-இல் 81.
1.1500-இல் 76. அலறல் இல்லை, முனகல்.

ஒவ்வொரு படி இறக்கியதும் அது திணறும் அளவுக்குக் கடினமான கணக்கு கொடுத்து ஓடவிட வேண்டும். பிழை இல்லாவிட்டால் அடுத்த படி. நடுவில் இரண்டு மணி நேரம் கரண்ட் கட். பேட்டரியும் முன்னைவிடக் கூடுதலாகத் தாங்கியது. அதுவும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அம்மா, "அந்தப் பொட்டிய மொறச்சிக்கினே இரு, சோறு தானா வந்து வாயில பூந்துக்கும்" என்றாள். மாமா போன் செய்தார். சத்தம் நின்றதா என்று கேட்டார். தினமும் ஒருமுறை கேட்கிறார். என்னிடம் இப்படி ஆர்வமாகக் கேட்கிற ஒரே ஆள்.

15 ஜனவரி, வியாழன்

மாட்டுப் பொங்கல். கரும்பு கடித்து ஈறில் ரத்தம்.

1.0250-க்குப் போனேன். திரை முழுக்க நீலம், வெள்ளை எழுத்து, அப்படியே நின்றது. கெடுத்துவிட்டேன் என்று நினைத்து அடுப்படியில் போய் அழுதேன். திரும்ப ஆன் செய்தேன். வந்துவிட்டது. படித்தபடியேதான் நடந்தது.

18 ஜனவரி, ஞாயிறு

1.0500-இல் இரண்டு மணி நேரம் பிழையில்லை. 67 டிகிரி. அப்பா தலைமாட்டிலேயே வைத்து ஓட்டினேன். அவர் விழிக்கவில்லை. அவர் குறட்டைதான் சத்தம்.

மாலையில் மாமா வந்தார். லேப்டாப்பில் காதை வைத்துப் பார்த்தார். செத்துப்போயிருச்சா என்றார். "ஓடிக்கினுதான் கீது மாமா" என்றேன். சிரித்துக்கொண்டே என் தலையில் கை வைத்து, நீதான்டி இஞ்சினியர் என்றார். செல்போனில் லேப்டாப்பைப் படம் எடுத்துக்கொண்டார், முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கீறல் தெரியாத பக்கம். ஆபீசில் காட்டப் போகிறார் போல.

விண்டோஸ் திறக்கும்போது என் பெயர் வரும்படி வைத்தேன்: மதி. பக்கத்தில் மஞ்சள் வாத்துப் படம்.

28 ஜனவரி, புதன்

1.0375 முடியுமா என்று ஒரு ஆசை. ஒரு படிதான். நேற்று ஒரு மணி நேரம் தாங்கியது, இன்று நாற்பது நிமிடத்தில் நீலத் திரை. ஆன் செய்ததுமே அந்த எண் தானாகப் பதியும்படி டிக் செய்து வைத்திருக்கிறேன். நாளை இன்னொருமுறை பார்த்துவிட்டு, முடியாவிட்டால் 1.0500-க்கே திரும்பிவிட வேண்டும். பேராசை வேண்டாம்.

29 ஜனவரி, வியாழன்

பள்ளியிலிருந்து வந்தால் லேப்டாப் இல்லை. மாமா வந்து எடுத்துப் போனாராம். ஏதோ ஃபைல் காப்பி செய்துவிட்டுத் தருவாராம். எனக்குப் பக்கென்றது. அதில் 1.0375 இருக்கிறது. முக்கியமான வேலை நடுவில் நின்றால்? மாமாவுக்கு போன் போடச் சொன்னேன். நிச்சயதார்த்த அலைச்சலில் இருக்கிறான், தொந்தரவு பண்ணாதே என்றாள் அம்மா. ஒரு நம்பரை மாற்ற வேண்டும், கட்டாயம் சொல்லிவிடு என்றேன். சரி சரி என்றாள்.

1 பிப்ரவரி, ஞாயிறு

எழுதுகிறேன். எழுதினால்தான் அழுகை நிற்கும்.

வேனில் பொன்னேரி போனோம். மாப்பிள்ளை வீட்டுத் தட்டுகள் மொத்தம் பதினொன்று, எல்லாவற்றுக்கும் மேலே துணி. மஞ்சள் குங்குமத் தட்டோடு அம்மா முதலில். இரண்டாவது நான், பூத்தட்டு. எப்போதும் எனக்குப் பின்னால்தான் இடம், இன்று முன்னால் விட்டார்கள். பெருமையாக நடந்தேன். கடைசித் தட்டு பெரியம்மாவிடம்.

பெண் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து வரிசையாக வைத்தோம். துணிகளை எடுத்தார்கள். பழம், தேங்காய், சர்க்கரை, புடவை. பதினோராவது தட்டில் என் லேப்டாப்.

மூடியில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சரியாகக் கீறல் மேல்.

பெண்ணின் தம்பி பெயர் தினேஷ். இஞ்சினியரிங் முதல் வருடம். மச்சானுக்கு மாப்பிள்ளை கொடுக்கும் பரிசு என்று மாமா எடுத்துக் கையில் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். தினேஷ் அங்கேயே திறந்தான். மதி என்ற இடத்தில் தினேஷ் என்று இருந்தது. வாத்துப் படத்தை மாற்ற மாமாவுக்குத் தெரியவில்லை போல. வாத்து அப்படியே இருந்தது.

பெண்ணின் அப்பா குனிந்து பார்த்து, சத்தமே இல்லையே என்றார். மாமா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "புது பீஸ் மாமா. கடையில சொல்லி வெச்சி வாங்குனது. அதான் சத்தம் வராது."

அது சத்தம் போடாததற்குக் காரணம் நான். கத்த வேண்டும் போல இருந்தது. அப்போது மணப்பெண் என்னைப் பக்கத்தில் அழைத்து என் தலையில் பூ வைத்தார். நல்ல அக்கா. அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு இப்போது அருவருப்பாக இருக்கிறது.

திரும்பி வரும்போது அம்மாவிடம் கேட்டேன். தட்டு பத்துதான் தேறியதாம். ரெட்டைப்படையில் எடுத்துப் போனால் நல்லதில்லையாம். கடைசி நேரத்தில் வேறு எதுவும் கையில் இல்லாததால் மாமா இதை வைத்துவிட்டாராம். உனக்கு வேறு வாங்கித் தருவான் என்றாள்.

ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்திருந்தால்கூடப் பதினொன்று ஆகியிருக்கும்.

2 பிப்ரவரி, திங்கள்

பள்ளியில் எதுவும் மனதில் ஏறவில்லை. ஃபிசிக்ஸ் டெஸ்டில் யூனிட் எழுத மறந்தேன்.

அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்புகையில் என் முகத்தைப் பார்த்து இன்னா ஆச்சு என்றார். சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, சாதாரணமாக: "பொண்ணு பாக்கப் போனப்பவே அந்தப் பையன் லேப்டாப் கேட்டானேம்மா. ஒங்க மாமன் அன்னிக்கே தரேன்னு சொல்லிட்டான். சத்தத்த சரி பண்ணத்தான் ஒன்கிட்ட குடுத்தான். ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

பெண் பார்த்தது கார்த்திகையில். எனக்குத்தான் என்று சொன்னது ஜனவரியில்.

அப்படியானால் பத்துத் தட்டு, ரெட்டைப்படை, கடைசி நேரம் எல்லாம் அம்மா வேனில் உட்கார்ந்து யோசித்தது. என்னை முன்னால் நடக்கவிட்டதும் நான் கடைசித் தட்டைப் பார்க்கக் கூடாது என்றுதான். தினமும் போன் செய்து சத்தம் நின்றதா, சத்தம் நின்றதா. எனக்காகக் கேட்கிறார் என்று ஒவ்வொரு தடவையும் சந்தோஷப்பட்டேன்.

மாமா மேல் கோபம். அம்மா மேல் கோபம் என்று எழுத முடியவில்லை. அது வேறு ஏதோ.

அப்பா பாவம். பஸ் போய்விடும் என்று ஓடினார்.

4 பிப்ரவரி, புதன்

மழைக்காலம் போல மூட்டம். மழை இல்லை.

மாலையில் மாமா முகம் சிவந்து வந்தார். லேப்டாப் இரண்டு நாளாக நீலத் திரை காட்டி நின்றுவிடுகிறதாம். புதுசு என்றீர்களே என்று பெண் வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டார்களாம். வாசலிலேயே நின்று, "வேணும்னே பண்ணி வெச்சியா? மாமன் கல்யாணம் நின்னா ஒனக்கு சந்தோசமா?" என்றார்.

நம்பரை மாற்றச் சொல்லி வியாழக்கிழமையே அம்மாவிடம் சொன்னேன் என்றேன். அம்மா பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே, நம்பர் கிம்பர் என்று ஏதோ சொன்னாள், எனக்கு என்ன தெரியும் என்றாள். ஒருவரும் ஸாரி சொல்லவில்லை. உட்கார்ந்து சரி செய்து கொடு என்றார்கள். தினேஷிடம் கடையிலிருந்து பேசுவார்கள் என்று மாமா ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்.

இரண்டு வழி இருந்தது. அந்த மென்பொருளையே எடுத்துவிடச் சொல்லலாம். நீலத் திரை வராது. ஆனால் ஐந்தே நிமிடத்தில் விசிறி அலறும், தோசைக்கல் ஆகும், புது பீஸ் எவ்வளவு புதுசு என்று பொன்னேரி முழுக்கத் தெரிந்துவிடும். பொய்யும் சொன்னதாகாது. மாமா போனை டயல் செய்கிறவரை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, சரியான எண்ணைச் சொல்வது.

தினேஷ் பேசினான். மரியாதையாகப் பேசினான். இரண்டு நாளாக அசைன்மென்ட் எழுத முடியவில்லை என்றான். அந்தக் கணத்தில் முதல் வழி மனதிலிருந்து போய்விட்டது. அந்த லேப்டாப் நடுவில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அது யாரிடம் இருந்தாலும். எங்கே திறப்பது, எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். 1.0500-தான் என் எண். வெயில் காலம் வரப்போகிறது, அதனால் ஒரு படி ஏற்றி 1.0625 போடச் சொன்னேன். கடினமான கணக்கைக் கொடுத்து ஓடவிட்டோம். காத்திருந்தோம். நிற்கவில்லை. விசிறி கேட்கிறதா என்றேன். இல்லை என்றான்.

பிறகு அவன், "சூப்பரா சொல்லிக் குடுத்தீங்க சிஸ்டர். நீங்க யாரு, கடையிலயா இருக்கீங்க?" என்றான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

வாயைத் திறந்தேன். மாமா கையை ஆட்டினார். அதற்குள் அம்மா ஈரக் கையோடு போனை வாங்கி, தினேஷ் தம்பியா, நல்லா இருக்கியாப்பா, மாப்பிள்ளையோட அக்கா பேசறேன் என்றாள். அவன் மறுபடி அதையே கேட்டான். அம்மா என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்:

"அது கடையில வேல செய்ற பொண்ணுப்பா. இந்தப் பக்கமா வந்துச்சி, புடிச்சி பேச வெச்சோம்."

மாமா கவரைப்பேட்டைக்குக் கிளம்பினார். அம்மா அடுப்பைப் பற்ற வைத்து, டீ போடட்டுமா என்று என்னைக் கேட்டாள்.

கடைப் பொண்ணுக்கா என்று கேட்டேன்.