சகலையின் வண்டியில் வைத்த காந்தம்

ஆயுத பூஜை, இரவு.

சகலை இன்று தன் பழைய அம்பாசிடரில் பாளையங்கோட்டையிலிருந்து வந்தான். என்னுடையதும் அதே வயது அம்பாசிடர்தான். போன மாதம் இருவருமே துரு வேலை பார்த்தோம். அவன் துருப்பிடித்த தகரத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகடு பற்றவைத்ததாகச் சொன்னான். நான் துருவின் மேலேயே பட்டிப் பசை பூசி பெயின்ட் அடித்தேன்.

"தங்கச்சி வீட்டு வண்டியப் பாத்தியளா, என்னமா மின்னுது!" என்றாள் மனைவி.

அவனுடையதும் பட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துப்போய், சந்தனம் வைக்கிற சாக்கில் அவன் வண்டிக் கதவில் வைத்துப் பார்த்தேன். பட்டி என்றால் விழுந்திருக்கும். வைத்த இடமெல்லாம் ஒட்டியது.

"என்ன தேடுதிய, அண்ணாச்சி?"

"எறும்பு ஓடுச்சு."

அவன் சிரிக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு என் வண்டிக்குப் போனான். பின்கதவில் பெயின்ட் கொப்பளித்துத் துரு எட்டிப்பார்க்கிறது. மனைவி இன்னும் கவனிக்கவில்லை. சரியாக அதன் மேல் சந்தனத்தை அப்பினான்.

"இங்கன கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்," என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

சந்தனம் நாளைக்குக் காய்ந்து உதிர்ந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. நல்ல வண்டியும் அவனுக்கு, நல்ல மனசும் அவனுக்கா?