ஆல்பத்தின் வாடை

மார்ச் 3

அன்புச் சின்னுவுக்கு,

கல்யாணமாகிப் போன பிறகு நீ அனுப்பிய முதல் பரிசு, அந்த நாணய ஆல்பம், பத்திரமாக வந்து சேர்ந்தது. நானூறு நாணயங்களையும் காகித உறைகளிலிருந்து எடுத்து உன் ஆல்பத்துக்குக் குடிமாற்றிவிட்டேன். கையுறை மாட்டி, ஓரத்தை மட்டும் பிடித்து, நான்கு நாள் வேலை. "என்னை ஒரு நாளாவது இவ்வளவு பதமா பிடிச்சதுண்டா?" என்கிறாள் உன் அம்மா.

மாப்பிள்ளை சௌக்கியமா? உன் கடிதங்கள் வரவரச் சுருங்கிக்கொண்டே போகின்றன.

ஆசிகளுடன்,
அப்பா

செப்டம்பர் 19

அன்புள்ள அப்பா,

உங்கள் பிறந்தநாளுக்கு ஒரு வெள்ளிக்காசு வாங்கலாமென்று நாணயக் கடைக்குப் போனேன். ஆல்பத்தைப் பற்றிச் சொன்னதும் கடைக்காரர் பதறிவிட்டார். "மெத்துனு இருக்கா? திறந்தா பிளாஸ்டிக் வாடை வருதா? ஐயோ, அது காசையே அரிச்சிடும்மா. முதல்ல வெளிய எடுக்கச் சொல்லுங்க."

உடனே எடுத்துவிடுங்கள். தேய்த்துக் கழுவக் கூடாதாம். தெரியாமல் அனுப்பிவிட்டேன் அப்பா, மனசே ஆறவில்லை.

நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

உங்கள்,
சின்னு

அக்டோபர் 2

சின்னுக் கண்ணு,

நீ ஏன் வருந்துகிறாய்? பார்சலைப் பிரித்த அன்றே வாடையில் எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் நாணயங்களோடு குப்பை கொட்டியவனுக்கு இதுகூடத் தெரியாதா? ஆசையாக அனுப்பியிருக்கிறாய், உன் மனம் நோகக் கூடாதென்று அதிலேயே வைத்தேன். செம்புக் காசுகளெல்லாம் பச்சை பிடித்துப் பிசுபிசுக்கின்றன. போனால் போகட்டும். என் பெண்ணின் முகம் வாடுவதைவிட அது பெரிசா?

அப்பா

அக்டோபர் 15

அப்பா,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தெரிந்தும் ஏழு மாதம் வாயே திறக்காமல் இருந்திருக்கிறீர்கள்.

நான் நன்றாக இல்லை. கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து இவர் என்னை அடிக்கிறார். ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள். இவர் இப்படிப்பட்டவர் என்பதும் உங்களுக்கு முன்பே தெரியுமா?

சின்னு

அக்டோபர் 27

சின்னு,

தெரியும்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால், அவரோடு வேலை பார்த்த ஒருவர் வீடு தேடி வந்தார். "கோபம் வந்தா கை ஓங்கிடுவான் சார். யோசிச்சுக்குங்க" என்றார். பக்கத்து அறையில் நீ தோழிகளோடு சிரித்துக்கொண்டிருந்தாய். அதைக் கெடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. போகப்போகச் சரியாகிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

இன்றே கிளம்பி வந்துவிடு அம்மா.

அப்பா

நவம்பர் 9

அப்பா,

அந்த வீட்டை விட்டு வந்துவிட்டேன். அலுவலகத்துக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதியில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. ஜன்னல் சிறியது, தாழ்ப்பாள் நன்றாக இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, பயமாக இருக்கிறது. இனி நான் எதைச் செய்தாலும் சிரித்த முகமாக "சரிம்மா" என்பீர்கள். அதை நம்பலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது.

உங்கள் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று உங்களுக்கே தெரியும். விடுதி முகவரியை அம்மாவிடம் மட்டும் சொல்வேன்.

சின்னு