எழுபத்தைந்து கிராம்

மார்ச் 9, திங்கள்

தங்கை அலுவலகப் பயிற்சிக்காக ஒரு வாரம் வெளியூர் போகிறாள். நாயை என்னிடம் விட்டுவிட்டாள். பெயர் சீமாட்டி. எடை ஒன்பது கிலோ, திமிர் ஒன்பது டன். “அண்ணா, அவகிட்ட உன் சேட்டையெல்லாம் வச்சுக்காத.” என்னிடம் போய்ச் சொல்கிறாள். என் சாந்தத்தைப் பார்த்து மலைகளே பொறாமைப்படுகின்றன.

மார்ச் 10, செவ்வாய்

கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை பதினொன்றரைக்கு மாபெரும் புதையல் வேட்டை நடத்தினேன். சோபா இடுக்கிலும் செருப்புக்குள்ளும் உலர்திராட்சையை ஒளித்து வைத்தேன். சீமாட்டி ஒன்று விடாமல் கண்டுபிடித்துத் தின்றாள். அந்தப் பெருமையை அளக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே இருப்பவர் மருந்துக்கடை நடத்தும் அக்கா. “திராட்சையா? நாய்க்கு அது விஷம்ங்க, கிட்னி போயிடும்” என்றார்.

வாந்தி எடுக்க வைக்க உப்பைத் தண்ணீரில் கரைத்தேன். அக்கா டம்ளரைப் பிடுங்கிக் கொட்டினார். “அது இன்னொரு விஷம். பாக்கெட்டையும் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க.”

கால்நடை மருத்துவர் கேட்டார்: “எவ்வளவு சாப்பிட்டுச்சு?”

“ஒரு லாரி லோடு, டாக்டர்.” பாழாய்ப்போன வாய்.

அவர் சிரிக்கவில்லை. “லாரி வேண்டாம் ஐயா. கிராம் சொல்லுங்க.”

இருநூறு கிராம் பாக்கெட். மேசைத் தராசில் வைத்தார்கள். மீதி நூற்றிருபத்தைந்து.

ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள். பாதிக்கு மேல் வந்துவிட்டதாம். மீதி? “சில நாய்க்கு ஒண்ணும் ஆகாது. சிலதுக்கு நாலஞ்சு பழமே போதும். இவ எப்படின்னு இப்போ சொல்ல முடியாது. ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏத்தணும். ஒழுங்கா சிறுநீர் போறாளான்னு பாக்கணும்.”

காலில் ஊசி, அதைக் கடித்துப் பிடுங்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் புனல். என்னைப் பார்த்து வாலை ஆட்டுகிறாள். ஏண்டி ஆட்டுற? நான்தானே அந்தத் திராட்சையைப் போட்டேன்.

மார்ச் 11, புதன்

தங்கைக்குப் போன் செய்தேன். சிரித்தாள். “போன மாசம் பாம்பு கடிச்சிடுச்சுன்னு அழுத. போய்ப் பாத்தா எறும்பு.”

“இது கதை இல்லம்மா. எழுபத்தஞ்சு கிராம்.”

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. பிறகு, “உயிரோட இருக்காளா?” என்று மட்டும் கேட்டாள்.

மாலை. சிறுநீர் மிகக் குறைவு. ரத்தத்தில் ஏதோ ஒன்று ஏறியிருக்கிறதாம். அது என்ன என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

சாப்பாடு வைத்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செத்துப்போனால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன்? அதை விடு. இவள் முகத்தில்?

மார்ச் 13, வெள்ளி

ரத்தத்தில் ஏறியது இறங்குகிறதாம். நம்பலாமா என்று நாலு தடவை கேட்டேன். ஐந்தாவது தடவை வாயைத் திறந்ததும் மருத்துவர் வெளியே போகச் சொன்னார்.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று மாலை வீட்டுக்கு அழைத்து வந்தேன். காலையில் கதவைச் சுரண்டினாள். வாசல் விளக்குக் கம்பத்தடியில் போய் உட்கார்ந்து சிறுநீர் போனாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு நொடி. அதை அப்படியே தங்கைக்குச் செய்தியாக அனுப்பினேன்.

“பதினொண்ணா? உன் கணக்குப்படி பதினோரு மணி நேரமா?” என்று கேட்டிருந்தாள்.

பதினொரு நொடி என்று மறுபடி எழுதினேன்.

பதிலுக்கு ஒரே சொல் வந்தது. “நம்பறேன்.”