அக்கா, அளவு எனக்குத் தெரிந்திருந்தது

என் பிரியமான பாக்கியம் அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. துடியலூர்த் தையல் கடையை நான் ஒருத்தியாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். உன் பச்சை ஜாக்கெட் இன்னும் மிஷின் டிராயரில் கிடக்கிறது. அதை வெளியே எடுக்கவே எனக்குக் கூசுகிறது.

காதுக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்று சோறு தண்ணி இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாயே, நினைவிருக்கிறதா? மாத்திரை ஆரம்பித்த பிறகு அந்தக் குரல்கள் அடங்கின. கடைக்கு வந்து கொக்கி தைத்துக் கொடுத்தாய். பசி வந்தது, உடம்பும் வந்தது. "இப்பத்தான் ஆளாட்ட இருக்கறக்கா" என்று கேலி செய்தவள் நான்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உன் ஜாக்கெட்டைப் பிரித்துவிட்டேன். உள்ளே மடித்துவிட்டிருந்த துணியெல்லாம் தீர்ந்துபோய், அக்குளில் ஒட்டுத்துணி வைத்தேன். அளவு நோட்டில் முப்பத்திரண்டு நாற்பத்தொன்று ஆனது என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில், உனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா கேட்டார். "எடை ஏறியிருக்குதுங்களா? இந்த மாத்திரைக்கு சுகரும் கொழுப்பும் ஏறலாம். ரத்தம் பாத்துரலாம். தேவைப்பட்டா வேற மாத்திரைக்கு மாறிக்கலாம்."

மாற்றுவது என்றதும் நீ சாத்திக்கொண்டு கிடந்த கதவுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மறுபடியும் அந்தக் குரல்கள் வந்துவிட்டால்? "அப்படியொண்ணும் ஏறலீங்க" என்றேன். நீ மெதுவாக, "ஜாக்கெட் இறுக்குதுங்க" என்று ஆரம்பித்தாய். மேசைக்கடியில் உன் கையை அழுத்தினேன். நீ பாதியிலேயே நிறுத்திக்கொண்டாய். எடை மிஷினில் ஏறச் சொன்னபோது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உன்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ரத்தம் பார்க்கிற சீட்டு என் பையிலேயே மடிந்து கிழிந்தது.

பாசம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. சொந்தக்காரர் கல்யாணத்தில் நீ உனக்கு நீயே பேசினால் என் மானம் போய்விடும் என்ற பயம்தான் மீதி.

பிறகு நீ செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாய். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து, "நெஞ்சை என்னமோ புடிக்குது கண்ணு" என்றாய். அதையும் நோயின் பேச்சு என்றே நினைத்தேன். "மாத்திரை போட்டயாக்கா?" என்றுதான் கேட்டேன். அடுத்த வாரம் மாரடைப்பில் போய்விட்டாய். "சுகர் எத்தனை வருசமா இருக்குதுங்க?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "சுகரே இல்லீங்க" என்றேன். பார்த்திருந்தால்தானே தெரியும்? பார்த்திருந்தால் நீ இருந்திருப்பாயா?

போன வாரம் ஓர் அம்மா தன் மகனுடைய பேண்டைக் கொண்டுவந்தார். "மனசு சரியில்லைன்னு மாத்திரை சாப்படறானுங்க. அதுல ஊதிப்போட்டான், இடுப்பு பத்தறதில்லீங்க" என்றார். கத்திரியைக் கீழே வைத்துவிட்டு நம் கதையைச் சொன்னேன், உன் கையை அழுத்தியது உட்பட. "மாத்திரைய நீங்களா நிறுத்திராதீங்க. ஆனா டாக்டருகிட்ட இதைச் சொல்லிப்போடுங்க" என்று, பழைய அளவையும் புது அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் பேண்டைப் பிரித்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை அக்கா. வருகிற வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் போகிறேன். அளவு நோட்டையும் உன் பச்சை ஜாக்கெட்டையும் அவர் மேசைமேல் வைப்பேன். அன்றைக்கு நீ சொல்ல வந்ததை நான் சொல்லி முடிப்பேன்.

உன் கையை அழுத்திய தங்கை,
சுமதி