வாசிக்காமல் விட்ட பக்கங்கள்

செவ்வாய், 15 ஒக்ரோபர் 1996
ஸ்காபரோ, கனடா

காலையில் கண் டொக்டர் என் கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். இந்த விண்டர் முடிவதற்குள் மற்றக் கண்ணும் போய்விடுமாம். இவருக்கு இங்கிலிஷ் விளங்காது. நான்தான் தமிழில் சொல்லவேண்டும். "மருந்தைத் தொடர்ந்து கண்ணிலை விடட்டாம்" என்று மட்டும் சொன்னேன்.

யாழ்ப்பாணத்தில் பாடப்புத்தகங்களுக்கு மீனும் நண்டும் படம் கீறிய மனுஷன். இப்போது நான் லைப்ரரிப் புத்தகம் ஒன்றைத் தமிழாக்கி வாசித்துக் காட்டுகிறேன். போன நூற்றாண்டில் காடெல்லாம் அலைந்து பறவைகளைக் கீறிய ஒரு வெள்ளைக்காரரின் வாழ்க்கை. சுட்டுப்போட்டுத்தான் கீறுவாராம். "மீனும் அப்பிடித்தான், செத்தால் நிறம் போயிடும், கெதியாக் கீறவேணும்" என்றார் இவர்.

இன்று சாப்பிட்ட பிறகு கடைசி அத்தியாயம். அந்தாளுக்கும் கண் போய்விடுகிறது. வெறும் தாளுக்கு முன்னால் நாள் முழுக்க இருப்பாராம். அதை விட்டுவிட்டு, "சாகுமட்டும் கீறினவராம்" என்று முடித்தேன்.

"நாலைஞ்சு தாளை ஒரேயடியாப் பிரட்டினனீர். சத்தம் கேட்டது."

"இல்லையப்பா."

"டொக்டரும் காலமை கனநேரம் கதைச்சவர். நீர் ஒரு வரியிலை முடிச்சிட்டீர்."

புத்தகத்தை மூடினேன்.

"எப்பவாம்?" என்று கேட்டார்.

சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு விட்ட பக்கங்களை வாசிக்கச் சொன்னார். ஒரு சொல் விடாமல் வாசித்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

படுக்கப் போகும்போது, "லைற்றை நூர்க்கவேண்டாம்" என்றார்.

அறையில் இன்னும் எரிகிறது. கண்ணைத் திறந்தபடிதான் கிடக்கிறார்.