பிளாஸ்டரில் ஒரு பல்வரிசை

கண்ணம்மா,

நீ ஊரின் மறுகோடிக்கு, சால்ட் லேக்குக்கு, தனியாகக் குடிபோய் நான்கு மாதமாகிறது. போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நேற்று பாலிகஞ்ச் பல் டாக்டர் கூப்பிட்டார். உன் முன்பற்களைத் தேய்த்து, மேலே வெனீர் தகடு ஒட்டுவதற்கு முன் எடுத்த பிளாஸ்டர் அச்சை எறிந்துவிடலாமா என்று கேட்டார். ஓடிப்போய் வாங்கி வந்தேன்.

அன்று, தேய்த்த பல் திரும்ப வளராது என்று அவர் சொன்னபோது நீ என்னைத்தான் பார்த்தாய். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், செய்துவிடுங்கள் என்று நான்தான் பெங்காலியில் பதில் சொன்னேன்.

வந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். "எனக்கு அந்தப் பல் இடைவெளி பிடிச்சிருந்ததும்மா" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதுதான் சொன்னாய்.

அச்சில் அது அப்படியே இருக்கிறது. என் சுண்டுவிரல் நகம் அதில் நுழைகிறது.

இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா? இந்தத் தடவை நீ சொல்.

அம்மா