ஊசிக் காய்ச்சல்

தை 18, செவ்வாய்

காலையில் பனி. ஏற்காட்டு மலை இருந்த இடமே தெரியவில்லை. சனிக்கிழமை கல்லூரி ஆண்டு விழா. பிரின்சிபால் வாசிக்கப்போகும் அறிக்கையைப் படியெடுக்கும் வேலை எனக்கு. கையெழுத்து நன்றாக இருக்கிறதாம்.

இந்த வருஷத்துச் சாதனைகள்: சரித்திர ஆசிரியரின் கட்டுரை சென்னைப் பத்திரிகையில். கணக்கு ஆசிரியர் எம்.ஏ. தேறியது (மூன்றாம் முயற்சி என்பதை எழுத வேண்டாமாம்). கால்பந்தில் கோப்பை. எல்லாவற்றுக்கும் மேலே, மாகாணக் கல்லூரிகளின் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு, தங்கப் பதக்கம்: தெய்வானை. என் அறைத்தோழி. அவள் பெயருக்கு மட்டும் பேனாவில் புது மை ஊற்றிக்கொண்டேன்.

மாலையில் ஹாலில் ஜமக்காளம் விரிக்க நாங்கள் இருவரும். பெரிய சுருளைப் பிரித்தபோது நடுவில் செத்த எலி. அதே சுருளில் இன்னொன்று. தெய்வானை வாலைப் பிடித்து ஜன்னல் வழியே வீசினாள்.

"ஏம்புள்ள இப்பிடி முழிக்கற? உங்க எருமப்பட்டியில எலியே கெடையாதா?"

வலது கணுக்காலைச் சொறிந்துகொண்டே சிரித்தாள். இரவு சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை. உப்பு.

தை 19, புதன்

கடைவீதிப் பக்கம் சில வீடுகளைப் பூட்டிவிட்டு ஜனங்கள் ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். விடுதிச் சமையற்காரம்மாள் சொன்னது. "எலி செத்து உழுந்த ஊட்ல படுக்கப்படாதுங்க சாமி."

மதியம் பிரின்சிபால் எங்களைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. "சனிக்கிழமை வரை இந்தக் காம்பவுண்டுக்குள் எலி என்ற வார்த்தை வேண்டாம். யாராவது கேட்டால், துப்புரவு வேலை நடக்கிறது." பதக்கம் கொடுக்கக் கலெக்டரின் மனைவி வருகிறாள். நகராட்சியில் பிளேக் என்று எழுதிவிட்டால் கல்லூரியை மூடுவார்கள். பி.ஏ. வகுப்பு தொடங்க அனுமதி கேட்ட மனுவும் அதோடு போகும்.

தர்க்க ஆசிரியர் வராந்தாவில்: "ஒரு எலி செத்தால் எலி. பல எலி செத்தால் பிளேக். ஒன்று எந்த எலியில் பலவாகிறது, சொல்லும்மா." யாரும் சிரிக்கவில்லை. மனைவியையும் குழந்தைகளையும் நேற்றே ஓமலூருக்கு அனுப்பிவிட்டாராம்.

தை 20, வியாழன்

ஆஸ்பத்திரியில் பிளேக் ஊசி. போய்ப் போட்டுக்கொண்டேன். கம்பவுண்டர்: "நாளைக்குக் காச்சல் அடிக்குமுங்க, கை வீங்கும். அதுக்குப் பயப்பட வேண்டாம். தொடை இடுக்குல, அக்குள்ல நெறி கட்டுனாத்தான் பயப்படோணும்."

தெய்வானை வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"இன்னிக்குக் குத்திக்கிட்டா நானு எந்திரிக்கறதுக்குள்ள விழா முடிஞ்சிரும். எங்கப்பா மல்லசமுத்திரத்துல இருந்து வண்டி கட்டிட்டு வாராரு. பாயில கெடக்கற புள்ளயப் பாக்கவா?"

அவள் அப்பா சொன்ன நிபந்தனை அது. மகள் மேடையேறுவதைக் கண்ணால் பார்ப்பார், பிறகு முடிவு சொல்வார். மேலே படிப்பா, பங்குனியில் கல்யாணமா. மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. "ஞாயித்துக்கெழம போட்டுக்கறேன், போதுமா? மூஞ்சிய அப்பிடி வெக்காத."

தை 21, வெள்ளி

காய்ச்சல். கை பூசணிக்காய். தெய்வானைதான் கஞ்சி ஊற்றினாள். நான் எழுந்து ஓட முடியாது என்று தெரிந்து, நாளை மேடையில் பேசப்போகும் தன் கட்டுரையை முழுக்க என்னிடம் பேசிக் காட்டினாள். தலைப்பு குடிமக்களின் கடமை. நல்ல குரல். நடுவில் ஓர் இடத்தில் நின்றாள். அபாயத்தை அறிந்தவன் அண்டை வீட்டாருக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்று வரும் இடம்.

"இத உட்டர்றேன் புள்ள. நீளமாப் போவுது."

ஹாலில் பினாயில் வாடை இங்கே வரை.

தை 22, சனி

காய்ச்சல் விட்டது. தலைக்குக் குளிக்கவில்லை. ஹால் நிறையக் கூட்டம், எல்லோரும் அந்த ஜமக்காளத்தில். பிரின்சிபால் அறிக்கை வாசித்தார். கடைசியில் நான் எழுதாத ஒரு வாக்கியம்: கல்லூரியின் சுகாதாரம் இவ்வாண்டு மிகவும் திருப்திகரம். கைதட்டல்.

விழா தொடங்குமுன் தெய்வானையின் அப்பா எங்களிடம் வந்தார். வெளுத்த வேட்டி, தலைப்பாகையைக் கையில் வைத்திருந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏங்கண்ணு, சேலத்துல எலி உழுகுதுன்னு சந்தையில பேசிக்கறாங்களே. இங்கெல்லாம் எப்பிடி?"

நெசம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே அவளை வண்டியில் ஏற்றியிருப்பார். தெய்வானை என்னையே பார்த்தாள். நான் ஜமக்காள ஓரத்தைக் காலால் நேராக்கினேன். அவளே சொன்னாள்:

"அது கடைவீதிப் பக்கமுங்கப்பா. இங்க துப்புரவு வேல நடக்குது."

"அப்பச் செரி சாமி."

பதக்கம் வாங்கினாள். பிசிறில்லாமல் பேசினாள். அவர் பதக்கத்தை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகும்போது வார்டன் அம்மாளிடம்: "படிக்கட்டுமுங்க. எத்தன வருசமானாலும் படிக்கட்டும். மாப்பள ஊட்டுக்கு நானு சொல்லிக்கறேன்."

தெய்வானை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு சந்தோஷத்தில் நான் யாரையும் பார்த்ததில்லை.

தை 23, ஞாயிறு

சொன்னபடி ஊசி போட்டுக்கொண்டாள். இடது கை. நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் வரிசை தெரு வரை.

திரும்பினால் விடுதியில் அடுப்பு எரியவில்லை. சமையற்காரம்மாள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். அடுக்களையில் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் எலி. நாலணாவுக்கு இட்லி வாங்கிச் சாப்பிட்டோம். பிரின்சிபால் நாளைக்கு நகராட்சிக்குத் தெரிவிப்பாராம்.

தை 24, திங்கள்

வகுப்பு இல்லை. தெய்வானைக்கு விடியும்போதே காய்ச்சல். கண் சிவப்பு. தலை பிளக்கிறது என்கிறாள்.

வார்டன் அம்மாள் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். "ஊசிக் காய்ச்சல். இவளுக்கு வந்ததுதானே." என்னைக் காட்டினார். உண்மைதான். எனக்கும் மறுநாள்தான் வந்தது. கையும் வீங்கியது. இதையே காலையிலிருந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"உனக்கு வந்தத உட எனக்குப் பெரிய காச்சல் புள்ள. மெடல் வாங்குனவளாச்சே." நாக்கு குழறுகிறது. சிரிக்கிறாள்.

அப்பாவுக்குத் தந்தி கொடுக்கட்டுமா என்றேன். வேண்டாம், வந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்றாள். காய்ச்சல் இறங்கட்டும் என்றாள்.

சாயங்காலம் முகம் கழுவ எழுந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தொடையை அழுத்தியபடி நடந்தாள். இடது கையில் ஊசி குத்திய இடம் லேசாகத்தான் சிவந்திருக்கிறது. இழுத்து இழுத்து வைப்பது வலது காலை.